காலிங்பெல் இருக்க வாட்ச்மேன் எதுக்கு?



தாராவி, செம்பூர் பக்கத்துல பட்டறை வெச்சிருக்கிற நம்மாளுங்க தொழில் கடனுக்கு வரும்போது, கூடவே ஒரு கொட்டேஷனும் வருது. 'சம்பள ஃபைலைத் தானா சரிபார்க்க சர்வர், 32 ஜிபி மெமரி, வருஷாந்திர பராமரிப்பு தனி'. அப்படி என்ன வேலைன்னு பாத்தா... கணக்கு எழுதறவர் ஒரு ஃபோல்டர்ல ஃபைலைப் போடுவார். ஐ.எஃப்.எஸ்.சி. கோடு 11 எழுத்து இருக்கா, அஞ்சாவது எழுத்து பூஜ்யமா, கூட்டுத்தொகை சரியான்னு பாத்து, பேங்க் கேக்கற வடிவத்துல மாத்தணும். மொத்தம் நாப்பது பேர் சம்பளம்! மாட்டுங்கா மார்க்கெட்டுக்குக் கறிவேப்பிலை வாங்க லாரி எடுத்துட்டுப் போற கதைதான்.

இந்த வேலைக்கு ராப்பகலா முழிச்சிருக்கிற பெரிய மென்பொருள் வேணும்னு விக்கறவங்க சொல்றாங்க. வேண்டாங்க. காலிங்பெல் இருக்கிற வீட்டுல, யாராவது வந்திருக்காங்களான்னு நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு 1440 தடவை, கதவைத் திறந்து பாப்போமா? லினக்ஸ்ல அந்த காலிங்பெல் 2005 ஆகஸ்ட்லயே வந்தாச்சு. 2.6.13 கெர்னல்ல சேர்த்த ஐநோட்டிஃபைதான் அது. ஃபைல் விழுந்ததும் கெர்னலே கூப்பிடும், அதுவரைக்கும் நிரல் தூங்கலாம். ஒரு ஃபோல்டரைக் கவனிக்க ஆகிற கெர்னல் மெமரி சுமார் 1 கேபி. இன்கிரானோ, சிஸ்டம்டி-யோட பாத் யூனிட்டோ, கூடவே ஒரு சின்ன ஸ்கிரிப்ட். 512 எம்பி பழைய பொட்டியே தாராளம்.

'நம்ப முடியுமா?'ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஃபைல் உருவானதுமே பாய்ஞ்சா அரைகுறையா இருக்கும். அதனால எழுதி மூடின பிறகுதான் தொடணும். கரண்ட் போன நேரத்துல அடிச்ச மணி திரும்ப அடிக்காது. அதனால பொட்டி எழுந்ததும் ஃபோல்டரை ஒரு தடவை பெருக்கிப் பாக்கணும். நெட்வொர்க் டிரைவ்ல வேற மெஷின் போடற ஃபைல் இதுக்குத் தெரியாது. அதனால ஃபைல் அதே பொட்டியிலேயே வந்து விழணும். இந்த மூணும் ஒழுக்கம் சம்பந்தப்பட்டது. 32 ஜிபி வாங்கினாலும் அந்த ஒழுக்கம் தானா வந்துடாது.

பேங்க்காரனா ஒண்ணு மட்டும் கண்டிப்பாச் சொல்வேன். ஸ்கிரிப்ட் சரிபார்க்கட்டும், தயார் பண்ணட்டும். பணம் போக ஒப்புதல் கொடுக்கிறது மனுஷனாத்தான் இருக்கணும். மேக்கர் வேற, செக்கர் வேற.

2019 டிசம்பர் 16-லேர்ந்து நெஃப்ட் 24 மணி நேரமும் ஓடுது, அரை மணிக்கு ஒரு பேட்ச். பேங்க் பக்கம் கதவு திறந்துதான் இருக்கு. ஃபோல்டர்ல ஃபைல் கவனிப்பாரில்லாமக் கிடந்தா, திருநெல்வேலியில அம்மாவுக்குப் போக வேண்டிய பணம் ஒரு நாள் தள்ளிப் போகுது. தேவையில்லாத சர்வரை வாங்கினாலோ, மாசாமாசம் அதோட தவணை கட்டறது அதே தையல்காரர் உழைப்புலதான்.

அந்தக் கொட்டேஷன்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, மூலையில கிடக்கிற பழைய பொட்டியைத் தூசி தட்டிப் பாருங்க.