பேக் கொடுத்தது போதும், ஆளைக் கொடுங்கள்

யாழ்ப்பாணத்து உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. முழுதாக வாசித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் திட்டலாம்.

கொரோனா காலத்தில் பாடசாலைகள் பூட்டிக் கிடந்தபோது தொடங்கிய ஒரு கதை சோனகதெருப் பக்கம் இன்னும் ஓயவில்லை. "பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிப்பித்தால் என்ன? வெள்ளைக்காரர் எல்லாம் அப்படித்தானே செய்கிறார்கள்?" கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. கணிதத்துக்கு ஆசிரியர் இல்லை, வெளியில் போதைப்பொருள், ஃபோனில் கண்ட கண்ட வீடியோ. அவர்களுடைய பயம் உண்மையான பயம். ஆனால் அவர்கள் காட்டுகிற உதாரணத்தில் பாதியைத்தான் அவர்களே பார்த்திருக்கிறார்கள்.

மற்றப் பாதி இதுதான். அமெரிக்காவில் வீட்டுக்கல்வி 50 மாநிலங்களிலும் சட்டப்படி செல்லும். அப்படிப் படிப்பிக்கிறவர்களில் கத்தோலிக்கக் குடும்பங்களும் உண்டு. லோரா பெர்க்விஸ்ட் என்ற தாய் தன் பிள்ளைகளை வீட்டில் படிப்பித்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதி, பிறகு 1995 இல் கலிபோர்னியாவில் 'மதர் ஒஃப் டிவைன் கிரேஸ்' என்ற தொலைக்கல்விப் பாடசாலையைத் தொடங்கினார். அதில் சேருகிற குடும்பத்துக்கு ஒரு ஆலோசகர் ஒதுக்கப்படுகிறார். பெரும்பாலும் தானே வீட்டில் பிள்ளைகளைப் படிப்பித்த ஒரு தாய். வருடத் தொடக்கத்தில் அவர் பெற்றோருடன் தொலைபேசியில் பேசுவார். மூத்தவனுக்கு எது கஷ்டம், இளையவளுக்கு எந்தப் புத்தகம் பொருந்தும், எதை இந்த வருடம் விட்டுவிடலாம் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக முடிவெடுப்பார்கள். வருடத்துக்குள் திரும்பவும் பேசுவார்கள், திட்டத்தை மாற்றுவார்கள். அந்தத் தாய் தனியாக இல்லை. கேட்க ஒரு ஆள் இருக்கிறார், அந்த ஆளுக்குப் பிள்ளையின் பெயர் தெரியும்.

எங்கட ஆட்கள் அங்கிருந்து எடுத்தது என்ன? பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்துவதை மட்டும். ஆலோசகரை அமெரிக்காவிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

இந்த இலங்கையில் 5 வயது முதல் 14 வயது வரை பாடசாலை போவது கட்டாயம் என்ற ஒழுங்குவிதி 1998 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2016 இல் அதை 16 வயது வரை உயர்த்தினார்கள். சாதாரண தரத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம்தானே என்று ஒரு சகோதரர் கேட்டார். எழுதலாம். அது பரீட்சைக்கு விண்ணப்பிக்கிற வழி, அவ்வளவுதான். எட்டாம் ஆண்டில் நிறுத்திய பிள்ளையைப் பரீட்சை மண்டபம் வரைக்கும் யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். வீட்டுக்கல்வி என்ற பேச்சு வருகிற வீடுகளில் பாருங்கள், வீட்டில் வைத்துப் படிப்பிக்கப் போவதாகச் சொல்வது பெரும்பாலும் மகளைத்தான். மகனுக்கு மோட்டார் சைக்கிளும் ரியூசனும். மகளுக்கு வீடும் யூடியூபும். பெயர் வீட்டுக்கல்வி. ஆறு மாதத்தில் அந்தப் பிள்ளை தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொண்டு அடுப்படியில் நிற்கும். இதை மார்க்கத்தின் பெயரால் செய்யாதீர்கள். அறிவைத் தேடுவது கடமை என்று குத்பாவில் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருகிறவர்கள்தானே நாம்.

சரி, பாடசாலைக்கு அனுப்பினால் எல்லாம் சரியா? இல்லை. ஆசிரியர்களாகிய எங்களுக்கு அது தெரியும். ஒரு பாடவேளை 40 நிமிடம் என்று வையுங்கள். வகுப்பில் 35 பிள்ளைகள் என்றால் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், அதுவும் பாடமே நடத்தாமல் இருந்தால். ரியூட்டரியில் அதுவும் இல்லை. அங்கே மைக்கில் பேசுகிறவருக்குக் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளையின் முகமே தெரியாது. வீட்டில் உம்மாவிடம் கேட்டால், "ரியூசனுக்குப் போறான் ரீச்சர், என்ன படிக்கிறான் எண்டு எனக்கு விளங்காது" என்பார். அந்த உம்மாவைக் குறை சொல்லாதீர்கள். 1990 ஒக்டோபர் 30 இல் இரண்டு மணித்தியால அவகாசத்தில் இந்த ஊரை விட்டுத் துரத்தப்பட்டபோது அவர் சின்னப் பிள்ளை. புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் வளர்ந்த தலைமுறை அது. தன் படிப்பு பாதியில் நின்றுபோன ஒருவரிடம் பிள்ளையின் படிப்பை முழுதாகத் திட்டமிடச் சொல்வது அநியாயம்.

அந்த இடம்பெயர்வு இன்னும் முடியவில்லை. எத்தனை குடும்பங்களுக்குப் புத்தளத்தில் ஒரு வீடு, இங்கே ஒரு வீடு? வாப்பாவுக்கு இங்கே வியாபாரம், உம்மம்மா அங்கே வருத்தம். பிள்ளை ஒரு தவணை அங்கே, ஒரு தவணை இங்கே. அரசாங்கம் கொடுக்கிற பாடப்புத்தகம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் பக்கம் ஒன்றில்லை. அங்கே பின்னம் தொடங்குவதற்கு முன் பிள்ளை இங்கே வந்துவிடுகிறது. இங்கே வந்தால் பின்னம் முடிந்து தசமம் ஓடுகிறது. அந்தப் பிள்ளைக்குப் பின்னமே யாரும் படிப்பிக்கவில்லை என்பது இரண்டு பாடசாலைக்கும் தெரியாது. பத்தாம் ஆண்டில் அட்சரகணிதம் வராதபோது "மொக்கு" என்று பட்டம் கொடுக்கிறோம். மொக்கு இல்லை, நான்கு வாரப் பாடம் தவறிப்போய்விட்டது. அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய பட்டம் தேவையில்லை. பிள்ளையின் பக்கத்தில் இருந்து கொப்பியைப் புரட்டிப் பார்க்கிற ஒரு ஆள் போதும். அந்த ஆள்தான் எங்களிடம் இல்லை.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஸ்கூல் பேக் கொடுக்கிறோம், கொப்பி கொடுக்கிறோம், மேடை போட்டு ஃபோட்டோ எடுக்கிறோம். வெளிநாட்டுச் சகோதரர்கள் அனுப்புகிற காசு அதில் போகிறது. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி கொடுப்பானாக. ஆனால் பேக் இல்லாததால் படிப்பை விட்ட ஒரு பிள்ளையையும் நாங்கள் கண்டதில்லை. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் விட்ட பிள்ளைகளை வருடாவருடம் காண்கிறோம்.

"இது கத்தோலிக்கருடைய முறை, எங்களுக்கு எதற்கு" என்று ஒரு கூட்டம் வரும். 1850 இல் தொடங்கிய சம்பத்திரிசியாரிலும், மத்திய கல்லூரியிலும், வைத்தீஸ்வராவிலும் படித்துவிட்டுத் தொழுகையை விடாமல் வாழ்ந்த பெரியவர்கள் எங்கட ஊரில் இருந்தார்கள். அதை விடுங்கள். அந்தக் கத்தோலிக்கக் குடும்பங்கள் 'கிளாசிக்கல்' என்று சொல்லிப் படிப்பிப்பது என்ன? சின்ன வயதில் மனனம், பிறகு இலக்கணம், பிறகு தர்க்கம், பிறகு அழகாகப் பேச எழுதப் பழக்குவது. கூடவே அவர்களுடைய திருச்சபை மொழியான லத்தீன். எங்கட மத்ரஸாவில் ஹிஃப்ழ், நஹ்வு, ஸர்ஃபு, மன்திக், பலாகா என்று ஓதுகிறோமே, அது வேறா? 13ஆம் நூற்றாண்டில் அவர்களுடைய தோமஸ் அக்வினாஸ் தர்க்கமும் தத்துவமும் எழுதியபோது இப்னு ஸீனாவையும் இப்னு ருஷ்தையும் வாசித்துத்தான் எழுதினார். எங்கட வீட்டிலிருந்து போன சாமான் திரும்பி வருகிறது. வாங்க வெட்கப்படத் தேவையில்லை.

உண்மையில் ஆளுக்கு ஆள் படிப்பிக்கிற வழக்கம் எங்களுக்குப் புதிதும் இல்லை. ஓதப் பள்ளியில் லெப்பை ஒவ்வொரு பிள்ளையையும் முன்னால் கூப்பிட்டுத்தான் பாடம் கேட்பார். ஒருவன் அம்ம ஜுஸ்உவில் இருப்பான், பக்கத்தில் இருப்பவன் பகராவில் இருப்பான். யாரும் யாரையும் "நீ பின்னுக்கு நிற்கிறாய்" என்று சொல்வதில்லை. குர்ஆனுக்கு இருக்கிற இந்த அக்கறையைக் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் கொடுத்தால் என்ன?

ஆகவே பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் பழைய மாணவர்களிடமும் கேட்பது இதைத்தான். பிள்ளை பாடசாலைக்குப் போகட்டும். ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ஆலோசகர் வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண் பிள்ளைகள், பல்கலைக்கழகத்தில் படிக்கிற தம்பிமார் இருக்கிறார்கள். ஒருவருக்கு 10 குடும்பத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். மாதம் ஒரு முறை வீட்டுக்குப் போய்க் கொப்பிகளைப் பார்க்கட்டும். உம்மாவுடன் பேசப் பெண்களே போகட்டும், அப்போதுதான் அவர் வாய் திறந்து கேட்பார். பிள்ளை புத்தளத்துக்குப் போனால் எந்தப் பாடத்தில் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடட்டும். வட்ஸ்அப்பில் ஃபோட்டோ எடுத்து அனுப்பினாலும் சரி. இவர்களுக்குச் சும்மா செய்யச் சொல்லாதீர்கள், போக்குவரத்துக்கும் நேரத்துக்கும் ஒரு தொகை கொடுங்கள். ரியூட்டரிக்குக் கொடுக்கிறோம், கலியாண மண்டபத்துக்குக் கொடுக்கிறோம்.

இது ரியூசன் ஆகிவிடக் கூடாது என்பதிலும் கவனம் வேண்டும். ஆலோசகர் பாடம் நடத்த வருகிறவர் இல்லை. எந்தப் பாடம் தவறியிருக்கிறது, எந்த வகுப்பை நிறுத்தலாம், எந்த ரியூசன் காசு வீண், பிள்ளைக்குக் கலைப்பிரிவா தொழில்நுட்பமா என்று பெற்றோருடன் இருந்து யோசிக்கிறவர். சில வீடுகளில் அவர் செய்கிற பெரிய வேலை, "இந்தப் பிள்ளைக்கு நாலு ரியூசன் தேவையில்லை, இரவு ஒன்பதுக்கு நித்திரை கொள்ள விடுங்கள்" என்று சொல்வதாகத்தான் இருக்கும்.

இரண்டு ஊருக்கும் போய்வருகிற குடும்பங்களிலிருந்து தொடங்குவோம். மகளைப் பாடசாலையிலிருந்து நிறுத்த யோசிக்கிற வாப்பாமார், நிறுத்துவதற்கு முன் ஒரு தடவை எங்களில் யாரையாவது வீட்டுக்குக் கூப்பிடுங்கள், தேத்தண்ணி போதும். ஆலோசகராக வர விருப்பமுள்ள ஓய்வுபெற்ற ரீச்சர்மாரும் சேர்மாரும் பெயரை உள்பெட்டியில் அனுப்புங்கள். அடுத்த தவணை தொடங்குவதற்குள் முதல் பட்டியலை நிர்வாகத்திடம் கொடுக்க இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.