தண்ணீருக்கு வழி விடுங்கள்

பெங்களூர் மழை ஒரு பருவத்தோடு ஓய்வதில்லை. கோடை மழை, தென்மேற்கு, வடகிழக்கு என்று ஆண்டுக்குச் சுமார் 970 மி.மீ. பெய்கிறது. நீலசந்திரா போன்ற நெருக்கமான பகுதிகளில் வீட்டுக்கே இடம் போதாது. காருக்கு ஏது ஷெட்? தாத்தா வாங்கிய அம்பாசடர் தெருவில்தான் நிற்க வேண்டும். ஒரு நாள் கதவைத் திறந்தால் பூஞ்சை வாடை. மிதியடியை அழுத்தினால் தண்ணீர் பிதுங்குகிறது.

பெரும்பாலோர் உடனே செய்யும் வைத்தியம் ஒன்று உண்டு. ஒரு சிலிகான் டியூபை வாங்கி முன் கண்ணாடியைச் சுற்றிப் பிதுக்கிவிடுவார்கள். அடுத்த மழையில் மறுபடியும் ஒழுகும். காரணம் எளிது: தண்ணீர் சொட்டும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. கண்ணாடியின் மேல் மூலையில் புகும் நீர், தூணுக்குள் இறங்கி, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயரைப் பிடித்துக்கொண்டு போய், டிரைவரின் காலடியில் சொட்டும்.

கண்டுபிடிக்க அதிகச் செலவில்லை. இரண்டு பேர், ஒரு ஹோஸ் பைப், ஒரு டார்ச், கொஞ்சம் பழைய செய்தித்தாள் போதும். முதலில் சீட்டு, கார்ப்பெட், அதனடியில் இருக்கும் சணல் விரிப்பு எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காயவைத்துவிட வேண்டும். தரையில் செய்தித்தாளை விரித்து, ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார, மற்றவர் வெளியே நின்று தண்ணீர் விட வேண்டும். கீழிருந்து மேலே போவதுதான் முக்கியம்: கதவின் அடி விளிம்பு, கதவுச் சட்டம், வைப்பர் இருக்கும் பகுதி, கண்ணாடி, கடைசியில் கூரை. ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்து ஒன்றும் புலப்படாது. கதவு ரப்பரைச் சோதிக்க இன்னும் சுலபமான வழி உண்டு. ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால், அந்த இடத்தில் ரப்பர் அழுந்தவில்லை.

குற்றவாளிகள் இரண்டு வகை. ஒன்று, வெயிலில் காய்ந்து சுருங்கிய ரப்பர். இன்னொன்று பலருக்குத் தெரியாதது: அடைபட்ட வடிகால். கதவுக் கண்ணாடியின் ஓரமாக இறங்கும் மழைநீர் கதவுக்குள் போகத்தான் செய்யும்; புதுக் காரிலும் அப்படித்தான். அது வெளியேறக் கதவின் அடியில் சிறு துளைகள் உண்டு. தூசி, சருகு, மறுபூச்சின்போது வழிந்த பெயின்ட் இவற்றை அடைத்துவிட்டால், கதவு வாளியாகிவிடும். வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்துக்கும் இதே கதிதான். பின்னால் பொருத்திய ஏ.சி.யின் வடிகுழாய் அடைத்துக்கொண்டால் மழையே இல்லாமலும் தரை நனையும். இங்கெல்லாம் தேவை டியூப் அல்ல, ஒரு துண்டுக் கம்பி. வடிகாலை அடைத்தால் என்ன ஆகும் என்பதை 2022 செப்டம்பர் வெள்ளத்தில் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரப்பர்தான் காரணம் என்றால் புது ரப்பர் போடுவதே வழி. அதற்கு முன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். துரு இருந்தால் அரித்த தகட்டை வெட்டி வெல்டிங் செய்து, பெயின்ட் அடித்த பிறகே ரப்பர். இறுகிப்போகாத சீலன்ட் நல்லது. வினிகர் வாடை வீசும் சிலிகான் வேண்டாம். காயும்போது அது விடும் அமிலம் வெறும் தகட்டை அரிக்கும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் இருந்தது. அம்பாசடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் அது கிடையாது, பாடிதான் எலும்புக்கூடும். சணல் விரிப்புக்கு அடியில் மாதக்கணக்கில் தேங்கும் ஈரம் தரையையும் கதவுக்குக் கீழுள்ள பக்கச் சட்டத்தையும் தின்கிறது. வண்டியின் பலமே போகிறது.

உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. பத்மினி அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே விடைபெற்றுவிட்டது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைத் தாண்டிய காரை விண்டேஜ் வாகனமாகப் பதிவுசெய்யலாம். ஆனால் அதன் அசல் வடிவம் காக்கப்பட்டிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. எஞ்சினைப் பிரித்துப் பழுதுபார்க்க இன்னும் ஆள் கிடைப்பார்கள். உளுத்துப்போன பாடிக்கு மாற்றுத் தகடு தேடி அலைய வேண்டியதுதான். அடுத்த மழைக்குள் கதவுக்கு அடியில் குனிந்து ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.