வாடகை வீட்டில் கோழியும் பிற வளர்ப்புயிர்களும்: நிலைப்பாட்டு அறிக்கை

தமிழ்நாட்டில் வாடகைக்குக் குடியிருப்போர் கோழி, நாய், பூனை முதலியவற்றை வளர்க்கலாமா என்ற கேள்விக்கு, எந்த உயிரினமும் கூடாது என ஒப்பந்தத்தில் ஒரே வரியில் விடை எழுதிவிடும் வழக்கத்தை இவ்வமைப்பு ஏற்கவில்லை. வீட்டு உரிமையாளர் அறியாமல் வளர்ப்பதையும் ஆதரிக்கவில்லை. எதை, எத்தனை, எவ்விடத்தில் வளர்ப்பது என்பது குடியேறும் முன்பே எழுத்தில் இடம்பெற வேண்டும்.

2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் அமைய வேண்டும் என்கிறதே தவிர, கோழி வளர்ப்புக்கெனத் தனிப்பிரிவு எதையும் கொண்டிருக்கவில்லை. குடியிருப்போர் நலச்சங்கங்கள் வளர்ப்பு நாய்களுக்குத் தடை விதிக்கலாகாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பலர் துணைக்கு அழைப்பதுண்டு. அது சங்கங்களை நோக்கியதாதலால், உரிமையாளரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு அது மாற்றாகாது. இங்கிலாந்திலோ, ஒப்பந்தம் தடுத்தாலும் நிலத்தில் குடியிருப்பவர் வணிக நோக்கமின்றிப் பெட்டைக்கோழியும் முயலும் வளர்க்கலாம் என்றும், அது சுகாதாரக் கேடாகவோ தொல்லையாகவோ அமையலாகாது என்றும் 1950ஆம் ஆண்டுச் சட்டமே வரையறுத்துள்ளது. சேவலை அச்சட்டம் சேர்க்காதது கவனிக்கத்தக்கது.

அந்த வேறுபாடு இங்கும் பொருந்தும். அக்கம்பக்கத்தார் முறையிடுவது பெரும்பாலும் விடியுமுன் கூவும் சேவலைப் பற்றியே. குஞ்சு வேண்டாதவர்க்குச் சேவல் தேவையில்லை, ஏனெனில் பெட்டை அதன் துணையின்றியே முட்டையிடும். எனவே சுவரொட்டிய லைன் வீடுகளில் சேவலை மறுப்பது நியாயம், ஓரிரு பெட்டைகளை மறுப்பது நியாயமன்று. மாடி அடுக்ககங்களில் கோழியே பொருந்தாது. எச்சம் ஈரத்தில் ஊறும்போது எழும் அம்மோனியா வாயுவே நாற்றத்துக்கு முதற்காரணமாதலால், தரையில் மரத்தூளோ உமியோ பரப்பி உலர்வாக வைத்திருப்பதும், சிந்திய தீனி எலிகளை வரவழைக்காதபடி மாலையில் கூட்டியள்ளுவதும் வளர்ப்பவரின் கடமையாகும். இராணிக்கெட் என மருத்துவர் குறிக்கும் வெள்ளைக்கழிச்சல், எச்சத்தின் வழியாகவும் பரவும் நச்சுயிரி நோய்; அதற்குத் தடுப்பூசி போடாமல் வளர்ப்பது அண்டை வீட்டுக் கோழிகளுக்கும் கேடு. கூடு எடுத்துச் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும்; பஞ்சாரம் எனப்படும் மூங்கில் கவிழ்கூடையோ பெயர்க்கக்கூடிய கூண்டோ போதுமானபோது, தளத்தில் கம்பம் நட்டுக் கட்டுமானம் எழுப்புவதற்கு இடமில்லை.

மாறான உடன்பாடு இல்லாதவிடத்து முன்பணம் மூன்று மாத வாடகையை மிஞ்சலாகாது என மேற்கண்ட வாடகைச் சட்டம் கூறுவதால், வளர்ப்புயிரைக் காட்டிக் கூடுதல் அட்வான்ஸ் கேட்பதை இவ்வமைப்பு எதிர்க்கிறது. உண்மையான சேதத்துக்கான செலவை ரசீதுடன் கழித்துக்கொள்வதே முறை. வீட்டைக் காலி செய்வோர் உயிரினங்களை விட்டுச் செல்வதற்கு எச்சூழலிலும் ஆதரவில்லை. பசியாலோ தாகத்தாலோ வாடும் நிலையில் தக்க காரணமின்றி அவற்றைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும்.

நடப்பிலுள்ள ஒப்பந்தங்களிலும், இருதரப்பும் கையெழுத்திட்ட துணை உடன்படிக்கை ஒன்றை இப்பொருள் குறித்து இணைத்துக்கொள்ளுமாறு வீட்டு உரிமையாளர்களையும் குடியிருப்போரையும் இவ்வமைப்பு கேட்டுக்கொள்கிறது.