பொன்னேர் பூட்டும் நாள்

சித்திரை பிறந்ததும் தென்மாவட்டச் சிற்றூர்கள் பலவற்றில் பொன்னேர் பூட்டுவர். நல்லேர் என்றும் அதற்குப் பெயருண்டு. காளைகளைக் குளிப்பாட்டி, கொம்புகளில் மாலை சூட்டி, கலப்பைக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு உழவர் ஒன்றுகூடுவர். இறைவணக்கம் முடிந்ததும் ஊரார் ஏர்கள் யாவும் ஒரே நிலத்தில், ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். அன்று உழவு தொழிலன்று, வழிபாடு. ஜனக மகாராஜர் வேள்விக்காகத் தம் கையாலேயே ஏர்பிடித்து உழுதபோதன்றோ சீதாபிராட்டி வெளிப்பட்டாள்! சீதை என்னும் வடசொல்லின் பொருளே உழுசால்தான்.

இப்போது காளைகள் அருகிவிட்டன. சில ஊர்களில் டிராக்டருக்கே மாலை சூட்டிப் பூசையிடுகின்றனர். குறை கூறுவதற்கில்லை, விழா நின்றுபோகாமல் நடக்கிறதே! ஆயினும், சூடம் காட்டியபின் கழுத்தைத் தடவிக்கொடுத்து, பச்சரிசியும் வெல்லமும் ஊட்ட அங்கே ஒரு காளை வேண்டுமல்லவா?