முதலில் வந்த குதிரையும் நன்றாக வந்த குதிரையும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்துக்கொண்டிருந்தேன். தெருப் பையன்கள் நாலு பேர் ரசீது புத்தகத்தோடு வந்து நின்றார்கள். கோயில் திருவிழா வசூல்.

"மாமா, இந்தத் தடவை மாட்டு வண்டிப் பந்தயத்தோட குதிரை வண்டியும் விடலாம்னு இருக்கோம். வெளி மாவட்டத்துல இருந்து குதிரை கொண்டாரதாச் சொல்லியிருக்காங்க. நீங்க மாட்டு டாக்டரா இருந்தவுக, ஒரு பரிசு உங்க பேர்ல எழுதுங்க" என்றான் ஒருவன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. கால்நடை ஆய்வாளராக 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருத்துவர் லீவு போட்ட நாளில் மாட்டுக்கு ஊசி போட்டதால் ஊர் எனக்குக் கொடுத்த பட்டம் அது. மறுத்து மறுத்து அலுத்துவிட்டது.

"பரிசு எழுதுறேன்ப்பா. ஆனா முதல்ல வர்ற குதிரைக்கு இல்ல" என்றேன். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவனுக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருக்கலாம். அன்றைக்கு அவர்களுக்கு முழுதாகச் சொல்ல நேரமில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் வயதுக்காரர்களுக்கு ஜட்கா வண்டி ஞாபகம் இருக்கும். சின்னமனூரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஜட்கா நிற்கும். உள்ளே வைக்கோல் பரப்பி அதன்மேல் சாக்கு விரித்திருப்பார்கள். முன்பாரம் பின்பாரம் பார்த்து ஆளை உட்கார வைப்பார் வண்டிக்காரர். எங்கள் அம்மா எப்போதும் முன்பக்கம், நான் பின்பக்கம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு. இரண்டு பக்கமும் நெல் வயல், வாய்க்காலில் பெரியாற்றுத் தண்ணீர். அந்த மட்டக்குதிரை பந்தயம் எதிலும் ஓடியதில்லை. தினம் எத்தனை நடை போய் வந்ததோ, யாரும் எண்ணியதும் இல்லை. சாயங்காலம் அவிழ்த்துவிட்டால் புழுதியில் புரண்டு எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு கொள்ளுப் பைக்கு வந்து நிற்கும். ஆட்டோ வந்தது, ஜட்கா போனது.

இனி நான் இதுவரை எழுதாத ஒரு விஷயம்.

தொண்ணூறுகளில் தெற்கே ஒரு மாவட்டத்தில் வேலை பார்த்தேன். ஊர் பெயர் வேண்டாம். அங்கே திருவிழாவுக்குக் குதிரை வண்டி எல்கைப் பந்தயம் உண்டு. போக நாலு மைல், வர நாலு மைல், தார் ரோட்டில். விழாக் கமிட்டிக்காரர்கள் என்னைக் கூப்பிட்டு, "சார், குதிரைகளை ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க" என்றார்கள். சர்டிபிகேட் எல்லாம் கிடையாது, வாய்வார்த்தைதான். பார்த்தேன். பல், குளம்பு, லாடம், கழுத்துப்பட்டை உரசிய இடம் எல்லாம் பார்த்தேன். ஒரு வெள்ளைக் குதிரைக்குத் தாடை எலும்புக்கு அடியில் விரல் வைத்து நாடி எண்ணினேன். நிமிடத்துக்கு 52. சும்மா நிற்கிற குதிரைக்கு 28 முதல் 40 வரை இருக்க வேண்டும். லாரியில் வந்த அலுப்பு, பக்கத்தில் கொட்டுச் சத்தம், அதனால் கூடியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கமிட்டித் தலைவர் பக்கத்திலேயே நின்றார். அந்தக் குதிரைதான் ஜெயிக்கும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அதுதான் முதலில் வந்தது. மாலை போட்டார்கள், துண்டு கட்டினார்கள், கொட்டு முழங்க வீதி சுற்றினார்கள். அது நின்ற விதமே சரியில்லை. விலா ஒட்டிப்போய், மூக்குத் துவாரம் விரிந்து, தொடை நடுங்கிக்கொண்டிருந்தது. போட்டோ எடுக்கிற கூட்டத்தில் யாரும் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்தும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "கொட்டை நிறுத்துங்கய்யா, நிழலுக்குக் கொண்டு போங்க, தண்ணி ஊத்துங்க" என்று சொல்லவில்லை. பொழுது சாய்ந்ததும் படுத்தது. எழுந்திருக்கவில்லை. நடுச்சாமத்துக்குள் போய்விட்டது. அதன் சொந்தக்காரர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

இருபது வருடத்துக்கு மேல் கழித்து, அமெரிக்காவில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். பாஸ்டன் பக்கம். சும்மா உட்கார்ந்திருக்கிற அப்பாவை எங்காவது கூட்டிப்போக வேண்டுமே என்று, ஆகஸ்ட் கடைசியில் வெர்மான்ட் மாநிலத்துக்குக் காரில் கூட்டிப்போனான். மலையும் காடுமாக, நம்ம போடி மலைச் சரிவை உயரம் குறைத்துப் போட்டது மாதிரி ஒரு நாடு. சவுத் உட்ஸ்டாக் என்ற ஊரில் 1936 முதல் நடக்கிற 100 மைல் குதிரைச் சவாரி அன்றைக்கு. மூன்று நாள். முதல் நாள் 40 மைல், இரண்டாம் நாள் 40, மூன்றாம் நாள் 20. எல்லா இனக் குதிரையும் வரலாம். ஆனால் அது மார்கன் குதிரையின் சொந்த மண் என்பதால் அந்த இனத்துக்கு அங்கே தனி மரியாதை.

மார்கன் கதை நம் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும். 1789இல் பிறந்த ஒரு பொலிகுதிரை, பெயர் ஃபிகர். ஜஸ்டின் மார்கன் என்ற வாத்தியார் அதை வெர்மான்ட்டுக்குக் கொண்டு வந்தார். சம்பளம் குறைந்த மனிதர், பாட்டும் சொல்லிக்கொடுத்தவர். உயரம் ஏறக்குறைய 14 கை. ஒரு கை என்றால் 4 அங்குலம், அப்படியானால் நாலே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவு. நம் பக்கம் பணக்காரர்கள் வாங்கி வளர்க்கிற கத்தியவாரிக் குதிரையும் கிட்டத்தட்ட இந்த உயரம்தான். இந்தச் சின்னக் குதிரை பகலில் காட்டு மரத்தை இழுத்தது, ஏர் உழுதது, சாயங்காலம் பந்தயத்தில் ஓடி ஜெயித்தது என்று சொல்கிறார்கள். கதையில் கொஞ்சம் மசாலா இருக்கலாம். ஆனால் அதன் வாரிசுகள்தான் இன்றைக்கு இருக்கிற அத்தனை மார்கன் குதிரையும். 1821இல் வேறொரு குதிரை உதைத்த புண்ணுக்குச் சரியான வைத்தியம் பார்க்காமல் செத்தது என்று படித்தபோது, அங்கேயும் ஒரு "நல்லா இருக்கு" ஆசாமி இருந்திருப்பான் என்று தோன்றியது.

பந்தயத்துக்கு வருகிறேன். எல்லையில் கொட்டு இல்லை, கூட்டம் இல்லை. முதலில் வந்தவருக்கு யாரும் மாலையும் போடவில்லை. மகனிடம், "யாருடா ஜெயிச்சது?" என்றேன். விசாரித்துவிட்டு வந்து சொன்னான். இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் வந்து சேர வேண்டும் என்று ஒரு இடைவெளி வைத்திருக்கிறார்கள். பிந்தி வந்தால் மதிப்பெண் குறையும். முந்தி வந்தாலும் குறையும்! அதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். மகனுக்கு ஏன் என்று புரியவில்லை.

ஓடி முடித்ததும்தான் அங்கே உண்மையான பந்தயம் ஆரம்பம். ஈரப் பஞ்சால் கழுத்தையும் தொடை இடுக்கையும் துடைக்கிறார்கள், நடக்க வைக்கிறார்கள், தண்ணீர் காட்டுகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து நாடியும் மூச்சும் எண்ணுகிறார்கள். எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதுதான் கணக்கு. ஈறைக் கட்டைவிரலால் அமுக்கி, வெளுத்த இடம் எவ்வளவு நேரத்தில் சிவக்கிறது என்று பார்க்கிறார்கள். கழுத்துத் தோலைக் கிள்ளித் தண்ணீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். முதுகைத் தடவி வலி தேடுகிறார்கள். பிறகு கையில் பிடித்து நேராக ஓட்டிக் காட்டச் சொல்கிறார்கள். நொண்டினால் அதோடு சரி. எனக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லை அதில். எல்லாம் பயிற்சிப் பள்ளியில் படித்ததுதான். தெரிந்ததை எண்ணிக் காகிதத்தில் எழுதி, அதற்குப் பரிசும் கொடுக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். அந்த வெள்ளைக் குதிரை அங்கே ஓட வந்திருந்தால், 52 என்று காகிதத்தில் எழுதியிருப்பார்கள்.

எல்லாம் அமெரிக்காவில் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அதே மார்கன் இனத்தைக் காட்சி அரங்கத்தில் முழங்காலைத் தூக்கித் தூக்கி நடக்க வைத்துப் பரிசு வாங்குகிறவர்களும் உண்டு. பழைய உழைப்பாளிக் குதிரை கெட்டுப்போகிறது என்று வாதம் பண்ணுகிறவர்களும் அவர்களுக்குள்ளேயே உண்டு. எதற்குப் பரிசு கொடுக்கிறோமோ அந்த மாதிரிக் குதிரைதான் அடுத்த தலைமுறையில் பிறக்கும். இது நம் மாட்டுக்கும் பொருந்தும்.

நம்ம மலையிலும் அந்த உழைப்பாளிக் குதிரை உண்டு. போடிக்கு மேலே அகமலைப் பக்கம் ரோடு போகாத ஊர்களுக்கு இன்றைக்கும் அரிசியும் சிமெண்டும் குதிரை முதுகில்தான் ஏறுகிறது, காப்பியும் மிளகும் இறங்குகிறது. (அதில் பாதி கோவேறு கழுதை. ஆனால் எல்லாவற்றையும் குதிரை என்றுதான் சொல்வார்கள்.) தேர்தல் வந்தால் ஊரடி, ஊத்துக்காடு போகிற வாக்குப்பதிவு இயந்திரம் குதிரைமேல் இருக்கிற படத்தைப் பத்திரிகையில் போடுவார்கள். மூணாறு டீயை டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு இறக்க வெள்ளைக்காரன் ரோப் போட்டான். மேலே ரயிலும் விட்டான். அந்த ரயிலை 1924 வெள்ளம் கொண்டு போனது. குதிரைப் பாதை மட்டும் இருக்கிறது.

அந்தச் சுமைக்காரர்களோடு ஒருமுறை ஏறியிருக்கிறேன். ஒவ்வொரு திருப்பத்திலும் குதிரை தானாக நிற்கும். காரணம் கேட்டதற்கு, "அதுக்குத் தெரியும் சார், மூச்சு வாங்கிட்டுத்தான் ஏறும். அடிச்சா மேல போய் விழும், நாமதான் சுமக்கணும்" என்றார் ஒருவர். இந்த அறிவுக்கு நம் ஊரில் ஒரு பரிசும் கிடையாது. அப்படியானால் அந்த மலைப் பாதையிலேயே ஒரு சவாரிப் போட்டி வைக்கலாமே என்று யாராவது கேட்கலாம். வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் எத்தனை பிள்ளைகள் போனார்கள் என்று நமக்குத் தெரியும். காட்டை விட்டுவிட்டு, சமவெளியில் நடக்கிற பந்தயத்தைத் திருத்தினாலே போதும்.

பந்தயமே கூடாது என்கிற கட்சி இல்லை நான். 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்கும் வண்டிப் பந்தயத்துக்கும் தடை போட்டபோது எனக்கும் வருத்தம்தான். பந்தயம் நின்றால் அந்த மாட்டை எவன் தீனி போட்டு வளர்ப்பான்? 2017இல் சட்டம் வந்தது, 2023இல் அது செல்லும் என்று தீர்ப்பும் வந்தது. வாடிவாசலுக்கு முன்னால் மாட்டை டாக்டர் பார்க்கிறார், நல்லது. ஆனால் நான் போன வண்டிப் பந்தயம் எதிலும், ஓடி முடித்தபிறகு ஒரு ஜீவனை யாரும் தொட்டுப் பார்த்து நான் கண்டதில்லை. கொடி வாங்கினதோடு கணக்கு முடிந்தது. பெரிய மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று இத்தனை பிரிவு வைக்கத் தெரிந்த நமக்கு, நாடி எண்ண ஒரு பிரிவு வைக்க முடியாதா?

டீக்கடையில் இதைச் சொன்னபோது ஒரு நண்பர், "பந்தயம்னா முதல்ல வர்றதுதானய்யா, நாடி புடிச்சுப் பாக்குறதுக்கு ஆஸ்பத்திரியா?" என்றார். நியாயமான கேள்வி. முதல் பரிசை நான் தொடவில்லை. முதலில் வந்தவனுக்கு அண்டாவோ சைக்கிளோ கொடுங்கள். ஆனால் அவனும் அரைமணி நேரம் கழித்துக் குதிரையைக் கொண்டுவந்து நேராக ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் மேடை ஏற வேண்டும். அது நொண்டினால், நடுங்கினால், அடுத்து வந்தவனுக்குப் பரிசு. இந்த ஒரு விதி போதும், சாரதிகள் கடைசி ஒரு மைலில் சவுக்கை எடுக்க யோசிப்பார்கள். தார்க்குச்சிக்குத் தனியாகச் சட்டம் பேச வேண்டியதில்லை. செலவு? ஒரு ஸ்டெதாஸ்கோப், ஒரு கைக்கடிகாரம், நிழலுக்கு ஒரு பந்தல், நாலு டிரம் தண்ணீர். மைக் செட் வாடகையில் கால்வாசி ஆகாது. இன்னொன்று, காலை ஆறு மணிக்கே விட்டுவிடுங்கள். பிரமுகர் வந்து கொடி அசைக்க வேண்டும் என்று பத்து மணி வரை நிறுத்தி வைத்து, கொதிக்கிற தார் ரோட்டில் ஓட்டாதீர்கள். பிரமுகர் பரிசளிக்க வந்தால் போதும்.

மாட்டுக்கு நாடி எங்கே பார்ப்பது என்று ஒரு பையன் கேட்டான். வாலைத் தூக்கி, அடிப்பக்கம் நடுவில் விரல் வைக்க வேண்டும். சும்மா நிற்கும்போது 50 முதல் 80 வரை இருக்கலாம். உதைக்காத மாடாகப் பார்த்து ஆரம்பிக்கச் சொன்னேன்.

பையன்களின் ரசீதில் 5,001 ரூபாய் எழுதியிருக்கிறேன். ஓடி முடித்து அரைமணியில் எந்தக் குதிரையின் நாடி அதிகமாக இறங்குகிறதோ அதற்கு. கமிட்டியில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று போயிருக்கிறார்கள். "ஒத்துக்கலேன்னா காசு திரும்ப வேணுமா மாமா?" என்று வாசலில் நின்று கேட்டான் சின்னவன். வேண்டாம், ஆனால் எல்லையில் ஒரு நாற்காலி போட்டு என்னை உட்கார விடுங்கள், நானே எண்ணிக்கொள்கிறேன் என்றேன். பழைய ஸ்டெதாஸ்கோப்பைத் தேடி எடுத்தேன். குழாய் வெடித்துப் போயிருக்கிறது. புதன்கிழமை தேனி போகும்போது வேறொன்று வாங்க வேண்டும்.