சொல்லோவியம்

நிறைந்த ஏரிக்குக் கலிங்கு இல்லையேல் கரை உடையும். உணர்ச்சி நிறைந்த உள்ளமும் அத்தகையதே. பெரியோர் தம் துயரைப் பிறரிடம் கூறி ஆறுவர். சிறுவரோ, கூறும் சொல் அறியாமல் அழுவர். அல்லது வாய்மூடி ஒதுங்குவர். அவர்க்குச் சொல்லையும் ஓவியத்தையும் ஒருங்கே அளித்தல் நன்று.

சொல்லோவியம் தீட்டுதல் அரிய செயலன்று. தாளும் வண்ணக்கோலும் போதும். மகிழ்ந்த சிறுமி ‘மழை’ என்னும் சொல்லைத் தாள் முழுவதும் துளித்துளியாகச் சிதறி எழுதுவாள். அஞ்சிய சிறுவன் ‘இருட்டு’ என்பதைப் பெரிதாகக் கரிய நிறத்தில் எழுதி, அதன் அடியில் தன் பெயரைக் கடுகளவாக எழுதுவான். வாய் சொல்லாததை எழுத்தின் அளவும் நிறமும் சொல்லிவிடும்.

உணர்ச்சிக்குப் பெயரிடுதல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் தோன்றும் என்கிறது. இகழப்படுதல், இழத்தல், முன்னைய நிலையினின்று தளர்தல், வறுமை ஆகிய நான்கும் அழுகைக்குரியன. கண்ணீர் ஒன்றே, காரணமோ பல. அழும் குழந்தையை ‘அழாதே’ என்று அடக்குவோர் அக்காரணத்தை அறியாமலே போவர். அது தீட்டிய சொல்லோவியத்தைப் பொறுமையுடன் நோக்குவோர்க்கு அதனை அறியும் வாய்ப்பு உண்டு.

சொல்லை வடிவில் அமைப்பதும் பழைய மரபே. தண்டியலங்காரம் சொல்லணியியலில் சித்திரகவியை விளக்குகிறது. பாம்புகள் பிணைந்த வடிவில் எழுத்துகளை அடைப்பது நாகபந்தம். பரிதிமாற்கலைஞர் (1870–1903) சித்திரகவி விளக்கம் என்னும் நூலே இயற்றினார். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சித்திரகவி புலமையைக் காட்டுவது. சிறுவர் தீட்டும் சொல்லோவியம் உள்ளத்தைக் காட்டுவது. ஆகவே, புலவர்க்குரிய அளவுகோலால் அதனை அளத்தல் தகாது.

‘பிழை மலிந்த கிறுக்கல் கல்வியாகுமோ?’ என்று சிலர் வினவுவர். பிழை திருத்தப்பட வேண்டியதே, அதில் ஐயமில்லை. எனினும், அழுகையை எழுதிய தாளில் ஒற்றுப்பிழைக்குச் செங்கோடு இடும் ஆசிரியர் ஒற்றைக் காப்பாற்றி மாணவனை இழப்பார். அக்குழந்தை மறுமுறை உண்மையை எழுதாது. இலக்கணத்துக்கு வேறு தாள் உண்டு. வேறு வேளையும் உண்டு. குழந்தையின் இசைவின்றி அத்தாளைச் சுவரில் ஒட்டிப் பலர்க்குக் காட்டுதலும், நகையாடுதலும் பெருந்தவறாகும்.

இப்பணி ஆசிரியர்க்கு மட்டும் உரியதன்று. மாணவர் தம் இல்லத்துத் தம்பி தங்கையரோடு அமர்ந்து இதனைச் செய்யலாம். முதலில் தம் உள்ளத்தைத் தாமே தாளில் தீட்டிக் காட்டுதல் சிறப்பு. அண்ணனும் அஞ்சியதுண்டு என்று அறிந்த தம்பி தன் அச்சத்தை மறைக்கமாட்டான். தன் துயருக்குச் சொல் கண்ட குழந்தை பிறர் துயரையும் உணரத் தொடங்கும். மொழி கற்பதன் பயன்களுள் தலையாயது இதுவே.