ஒரு படி போதும்

அச்சம் வேறு, பிடிவாதம் வேறு. ஆனால் வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டுமே அழைத்தால் வராது, இழுத்தால் பின்வாங்கும். பிள்ளைகளை வளர்ப்போரும், வாயில்லா ஜீவன்களை வளர்ப்போரும் முதலில் அறிய வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரின் இல்லத்தில் மணி என்றொரு நாய் உண்டு. டாக்ஸ்ஹண்ட் என்னும் ஜெர்மானிய இனம். மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் விலங்குகளை வேட்டையாடுவதற்கென்றே வளர்த்தெடுக்கப்பட்டதால், நீண்ட உடலும் குட்டைக் கால்களும் வாய்த்தது. ஆசிரியரின் துணைவியார் அதைக் குட்டியாகக் கொண்டுவந்து வளர்த்தார். அந்த அம்மையார் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும், அவர் படுத்திருந்த கட்டிலின் கால்மாட்டில்தான் மணி உறங்கும். இரவில் ஆசிரியரே அதைத் தூக்கிக் கட்டிலில் விடுவார். காலையில் அது தானே குதித்து இறங்கிவிடும்.

அந்தக் குதித்தலை உடனே நிறுத்த வேண்டும் என்றார் கால்நடை மருத்துவர். இந்த இனத்து நாய்களுக்கு முதுகெலும்புகளின் இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டுகள் இளம் வயதிலேயே இறுகத் தொடங்கிவிடும். உயரத்திலிருந்து குதிக்கையில் ஒரு வட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தினால், பின்னங்கால்கள் செயலிழந்து போகவும் கூடும். அதே மாதத்தில் ஆசிரியருக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை நடந்தது. எடை எதையும் தூக்கலாகாது என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை.

மகன் தச்சரைக் கொண்டு ஒரு சிறு படிக்கட்டு செய்வித்தார். கட்டிலின் உயரம் 60 சென்டிமீட்டர். ஒவ்வோர் ஏற்றமும் 12 சென்டிமீட்டர் வரும்படி நான்கு படிகள். வார்னிஷ் பூசிய அழகிய வேலைப்பாடு. மணியோ அதை முகர்ந்து பார்த்துவிட்டு, வாலை ஒடுக்கிக்கொண்டு மூலையில் போய்ப் படுத்துவிட்டது.

"ஏறு!" என்று அதட்டினார் ஆசிரியர். முப்பது ஆண்டுகள் வகுப்பறைகளை அடக்கிய குரல் அது. மணி நடுங்கியது. மகன் கழுத்துப்பட்டையைப் பற்றி இரண்டு படிகள் இழுத்து ஏற்றினார். பளபளத்த பலகையில் கால் வழுக்க, அது சரிந்து விழுந்தது. அதன்பின் படிக்கட்டு இருந்த அறைக்குள் வரவே மறுத்தது.

"பிடிவாதம் பிடித்த ஜென்மம்" என்றார் ஆசிரியர்.

"பிடிவாதம் இல்லை, தாத்தா. அதற்குப் பயம்" என்றாள் எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி.

மருத்துவர் சொன்னவற்றை அவள் கவனமாகக் கேட்டிருந்தாள். ஏறத் தயங்கும் நாய்க்கு வலி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வலியுள்ள உடலைப் பழக்கலாகாது. மணியைச் சோதித்த மருத்துவர், வலி ஏதுமில்லை என்று உறுதி கூறியிருந்தார். ஆகவே அவள் படிக்கட்டைப் பார்த்தாள். அதன் மேற்புறம் வழுக்கியது; அடிப்புறம் தரையில் ஆடியது; படிகளுக்கு இடையே வெற்றிடம் தெரிந்தது. பழைய ஜமக்காளத்தை வெட்டிப் படிகளில் ஒட்டி, இடைவெளிகளையும் மூடினாள். கீழே ரப்பர் விரிப்பை இட்டாள். ஒரு பக்கம் சுவர் துணையிருக்கும்படி நகர்த்தி வைத்தாள்.

இரண்டு நாட்கள் ஏறச் சொல்லவே இல்லை. படிக்கட்டின் அருகே வேகவைத்த கேரட் துண்டுகளை வைத்துவிட்டு விலகிவிடுவாள். பிரசாதமாக வந்த சர்க்கரைப் பொங்கலைத் தாத்தா எடுத்தபோது தடுத்தாள். அதிலுள்ள உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. வெங்காயமும் சாக்லெட்டும் அவ்வாறே நாய்க்கு ஆகாதவை.

மூன்றாம் நாள், முதல் படியில் ஒரு துண்டு வைத்தாள். மணி முன்னங்கால் இரண்டையும் வைத்து அதை எடுத்தது. உடனே பாராட்டினாள், அன்றைய பாடம் அவ்வளவே. மறுநாள் நான்கு கால்களும் ஏறின. உணவு வேளைக்கு முன்பாக, காலையும் மாலையும் ஐந்து நிமிடம் மட்டும். ஒரு படியில் தயங்கினால், வற்புறுத்தாமல் முந்தைய படிக்கே திரும்பிவிடுவாள். இறுதி இலக்கை நோக்கி எடுக்கும் ஒவ்வொரு சிறு முயற்சிக்கும் பரிசளித்துப் பழக்கும் இம்முறையை, அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் சென்ற நூற்றாண்டில் ஆராய்ந்து விளக்கியிருக்கிறார்.

இறங்குவதற்குத் தனிப் பாடம். இறங்குகையில் உடலின் பாரம் முன்னங்கால்களின் மேல் சாய்வதால், ஏறுவதைவிட அதுவே நாய்க்குக் கடினம். அதனால் கீழ்ப்படியிலிருந்து தரைக்கு இறங்கச் செய்தாள், பிறகு இரண்டாம் படியிலிருந்து, பிறகு மூன்றாவதிலிருந்து.

நாற்காலியில் அமர்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர் ஒரு மாலை மௌனமாகிவிட்டார்.

"என்ன தாத்தா யோசனை?"

"ஒன்றுமில்லை, அம்மா."

அவர் நினைவில் நின்றது ஒரு மாணவனின் முகம். கரும்பலகைக்கு வரச் சொன்னால் பெஞ்சைப் பற்றிக்கொண்டு அசையாமல் நிற்பான். அவர் அதட்டுவார், சில நாட்களில் கையைப் பிடித்து இழுத்தும் வந்திருக்கிறார். அரையாண்டுத் தேர்வுக்குப் பின் அவன் பள்ளிக்கு வரவில்லை. 'திமிர் பிடித்தவன்' என்று எண்ணி, அன்றோடு அவனை மறந்துவிட்டார். கரும்பலகைக்கு அழைக்குமுன், இருந்த இடத்திலிருந்தே ஒரு சொல்லைச் சொல்லவைத்துப் பார்த்திருக்கலாம் என்பது இப்போதுதான் அவருக்குத் தோன்றியது.

மறுநாள் காலை, கேரட் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவரே படிக்கட்டின் அருகே தரையில் அமர்ந்தார். குரல் தணிந்திருந்தது. "மணி, ஒரு படி போதும்" என்றார். அது அவர் முகத்தையே சற்று நேரம் பார்த்தது. பிறகு ஒரு படி ஏறியது.

அச்சத்தை அதட்டி விரட்ட இயலாது. கற்பிப்பவர் அமைத்துத் தரும் முதல் படி, கற்பவரின் கால் எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். அது எட்டவில்லையென்றால், தாழ்த்த வேண்டியது படியைத்தான்.

மூன்றாம் வாரத்தில் ஓரிரவு. விளக்கை அணைத்துவிட்டு ஆசிரியர் படுத்திருந்தார். ஜமக்காளத்தில் நகங்கள் உரசும் மெல்லிய ஒலி கேட்டது. ஒன்று, இரண்டு, சற்றே தயக்கம், பின் மூன்று, நான்கு. அவர் குரல் கொடுக்கவில்லை. கால்களைச் சற்று மடக்கிக்கொண்டு, கால்மாட்டில் அதற்கு இடம் விட்டார்.